அரசு கட்டில் முதல் சோபாக் கட்டில் வரை

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை உறக்கத்தில் கழிக்கிறான். எஞ்சிய காலத்திலும் அமர்ந்தே செய்யும் பணிகள் பல. எனவே, அமர்வதற்கும் படுப்பதற்கும் உரிய பொருள்களை ஆக்குவதில் அவன் தொன்றுதொட்டே அறிவைச் செலுத்தி வந்திருப்பதில் வியப்பில்லை. பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் பயன்படும் சோபாக் கட்டில், அந்த நீண்ட முயற்சியின் அண்மைக்கால விளைவு. இன்று அது தேய்ந்து தளர்ந்தவுடன் வீதியோரத்தில் வைக்கப்படும் பொருளாகிவிட்டது. அதன் ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்து வந்தது, எதனால் தளர்கிறது என்பதை அறிந்தவர்கள் அதனை அவ்வளவு எளிதில் எறிந்துவிட மாட்டார்கள்.

சொல்லின் கதை

‘கட்டில்’ என்ற சொல்லைக் கேட்டதும் இந்நாளில் படுக்கையே நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் இருக்கையையும் குறித்தது. மன்னன் வீற்றிருக்கும் அரியணை ‘அரசு கட்டில்’ எனப்பட்டது. வீரமுரசம் வைக்கப்படும் இடம் ‘முரசு கட்டில்’ எனப்பட்டது. கோவலனுக்குத் தவறான தீர்ப்பு வழங்கியதை உணர்ந்து உயிர்நீத்த பாண்டியன் நெடுஞ்செழியன், அரசு கட்டிலில் துஞ்சியவன் என்றே அடையாளம் காட்டப்படுகிறான்.

முரசு கட்டில் ஒருமுறை படுக்கையாகவும் ஆயிற்று. முரசத்தை நீராட்டுவதற்காக எடுத்துச் சென்றிருந்த வேளையில், வழிநடைக் களைப்பினால் புலவர் மோசிகீரனார் அறியாமல் அதன்மீது படுத்து உறங்கிவிட்டார். அது வாளுக்கு இரையாகத்தக்க குற்றம். ஆயினும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டாமல், விசிறி எடுத்து வீசினான். இச்செய்தியைக் கூறும் புறநானூற்றின் 50ஆம் பாட்டில், அப்பூம்படுக்கையின் மென்மைக்கு எண்ணெய் நுரையை உவமை கூறுகிறார் புலவர்.

‘சோபா’ என்ற சொல்லின் பிறப்பும் இதனோடு ஒத்து வருகிறது. மேடை அல்லது திண்ணை போன்ற உயர்ந்த இருக்கையைக் குறித்த அரபுச் சொல்லே துருக்கி மொழி வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, பின்னர் நம்மிடமும் வந்தது. தமிழர் வீட்டுத் திண்ணையும் பகலில் இருக்கை. இரவில் வழிப்போக்கருக்குப் படுக்கை. ஆகவே, சோபாக் கட்டில் என்ற பொருள் புதியதாயினும் அதன் கருத்து நமக்குப் புதியதன்று.

கயிறும் பஞ்சும்

அரண்மனைக் கட்டிலை நெடுநல்வாடை விரித்துரைக்கிறது. தந்த வேலைப்பாடும் அன்னத்தின் தூவியும் அதில் இடம்பெறுகின்றன. எளியோர் வீட்டில் இருந்தவை பாயும் கயிற்றுக் கட்டிலும்தாம். மலாய்க் கிராமங்களில் மெங்குவாங் தாழையின் ஓலையால் பாய் முடைந்தனர். தலையணைக்கும் மெத்தைக்கும் இலவம்பஞ்சு பயன்பட்டது. தமிழகத்தில் ‘இலவு காத்த கிளி’ என்ற பழமொழிக்கு இடந்தந்த அம்மரத்தின் பஞ்சையே மலாய்க்காரர்கள் ‘கெக்காபு’ என்றனர்.

இப்பொருள்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை பழுதுற்றால் வீட்டாரே சீர்செய்துவிடலாம். கட்டிலின் கயிறு தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். ஓரிழை அறுந்தால் அந்த இழையை மட்டும் மாற்றலாம். மெத்தைப் பஞ்சு கட்டிபட்டால் உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, உதறிப் பிரித்து மீண்டும் அடைக்கலாம். பழுது எங்கே என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தீர்க்கும் வழியும் கைக்கு எட்டியது. பொருளைப் பயன்படுத்தியவரும் பழுது பார்த்தவரும் ஒருவராகவே இருந்தனர்.

கீல் தந்த மாற்றம்

கட்டிலை மடக்கும் எண்ணமும் மிகப் பழையது. எகிப்தை கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட இளம் மன்னன் டுட்டாங்காமுனின் கல்லறையை 1922ஆம் ஆண்டில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார். அங்கிருந்த பொருள்களுள் மூன்றாக மடங்கும் பயணக் கட்டிலும் ஒன்று. அதன் கீல்கள் உலோகத்தால் ஆனவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகி வீடுகள் சுருங்கியபோது, மடக்குக் கட்டில் மன்னரைவிட எளியோர்க்கே மிகுதியும் தேவைப்பட்டது. சிக்காகோ நகரில் மரச்சாமான் கடை நடத்திய சாரா கூட் என்ற அம்மையார், மடித்தால் எழுதுமேசையாக மாறும் கட்டிலுக்கு 1885ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். பின்னர், சிசிலித் தீவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெர்னார்ட் காஸ்ட்ரோ 1931ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொழில் தொடங்கிச் சோபாக் கட்டிலைப் பரவலாக்கினார். 1948ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி விளம்பரத்தில் அவருடைய நான்கு வயது மகள் தனியொருத்தியாய் அதனைத் திறந்து காட்டினாள்.

குழந்தையும் திறக்கக்கூடிய அந்த எளிமைக்கு அடிப்படை, சட்டத்தின் மூட்டுகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவதே. பழைய சோபாக் கட்டில் திறக்க மறுக்கும்போது பலரும் வலிந்து இழுக்கின்றனர். அதனால் சட்டம் கோணி, சிறிய பழுது பெரிய பழுதாகிறது. முதலில் மெத்தையை எடுத்துவிட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, மூட்டுகளில் சிறிதளவே மசகிட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் துணியில் கறை படியும், தூசியும் ஒட்டும். தேய்ந்து ஆடும் ரிவெட்டு ஆணியை அகற்றி, அதே பருமனுள்ள போல்ட்டும் வாஷரும் தளராத நட்டும் பூட்டலாம். மரத்தில் திருகாணி பிடிக்காமல் சுற்றினால், அத்துளையில் மரப்பசை தடவிய சிறு குச்சிகளை அடைத்து, நன்றாக உலர்ந்தபின் மீண்டும் முடுக்கலாம். விசையோடு இழுத்து நிற்கும் சுருள்கள் விரலை நசுக்கிவிடும். ஆதலால், இருவர் சேர்ந்து செய்வதே நலம்.

சுருள்வில்லின் எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகுச் சுருள்வில் இருக்கைகளிலும் மெத்தைகளிலும் இடம்பிடித்தது. அதன் அறிவியல் அதற்கும் முந்தியது. சுருள்வில்லின் நீட்சி அதன்மீது செயற்படும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். பள்ளி மாணவர் அனைவரும் பயிலும் விதி இது. ஆனால், அவ்விதி ஓர் எல்லைவரைதான் செல்லும். அந்த மீட்சி எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்ட வில் தன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வீட்டிலுள்ள சோபாக் கட்டில் நடுவில் குழிவதற்கு இதுவும் ஒரு காரணம். படுக்கைப் பகுதியில் உள்ள கம்பி வலையைச் சட்டத்தோடு இணைப்பவை சிறு கொக்கிச் சுருள்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் அமர்வதாலும், விரித்த கட்டிலின் விளிம்பில் முழு எடையும் விழ உட்காருவதாலும் அவை எல்லை கடந்து நீள்கின்றன. அவ்வாறு நீண்ட சுருளைத் தட்டியோ வளைத்தோ பழையபடி ஆக்க இயலாது, மாற்றவே வேண்டும். அதே நீளமும் அதே பருமனும் உடைய புதிய சுருள்களை ஒரு வரிசை முழுவதற்கும் மாற்றினால் இழுவிசை சீராக இருக்கும். இருக்கையின் அடியில் சணல் நாடா பின்னப்பட்டிருந்தால், தொய்ந்த நாடாவை அகற்றிப் புதிய நாடாவை இழுத்து அறையலாம். கயிற்றுக் கட்டிலைக் கட்டத் தெரிந்த கைக்கு இது புதிய வேலையன்று. உடனடித் தீர்வாக, மெத்தைக்கும் கம்பி வலைக்கும் இடையே மெல்லிய ஒட்டுப்பலகையை இடுவதும் உண்டு. கட்டிலை மடக்குமுன் அதனை எடுத்துவிட வேண்டும்.

பால்மரம் தந்த நுரை

சோபாக் கட்டிலின் உறுப்புகளுள் நம் மக்களின் வாழ்வோடு நெருங்கிய உறவுடையது மெத்தையே. 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்கு வந்தன. 1888ஆம் ஆண்டில் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடின்றிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மலாக்காவில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டில் ரப்பரை வணிகப் பயிராகப் பயிரிட்டார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்து அத்தோட்டங்களில் உழைத்தனர்.

1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள், ரப்பர்ப் பாலை முட்டையடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி, அந்நுரையை அப்படியே உறையச் செய்யும் முறையைக் கண்டனர். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அதனைச் செறிவாக்கி, கந்தகம் முதலியவை சேர்த்து, அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, உறையவிட்டு, வெப்பத்தால் பதப்படுத்தினால் நுரைமெத்தை கிடைக்கும். பழம்புலவர் உவமையாகக் கண்ட நுரை, உண்மையிலேயே படுக்கையாயிற்று.

அந்தப் பாலை மங்கில் இறக்கியவர் யார்? விடியுமுன் எழுந்து, கொசுக்கடியிலும் பனியிலும் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவிய தோட்டத் தொழிலாளர். அவர் தந்த பால் கடல் கடந்து சென்று பிறர் வீட்டு மெத்தையாயிற்று. அவரோ லயத்து வீட்டில் பாயில் உறங்கி எழுந்தார். பின்னாளில் அவருடைய மக்களும் பெயரர்களும் நகரத்துக்கு வந்து, கடையில் சோபாக் கட்டிலை விலை பேசி வாங்கியபோது, அந்தப் பாலின் ஒரு துளியேனும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது எனலாம்.

ஆனால், எல்லா நுரையும் மரப்பாலன்று. ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937ஆம் ஆண்டில் கண்ட பாலியூரித்தேனிலிருந்து, 1950களில் மலிவான மென்னுரை பெருமளவில் உற்பத்தியாயிற்று. இன்று பெரும்பாலான சோபாக்களில் இருப்பது இதுவே. இரண்டும் மூப்படையும் விதம் வேறு. ரப்பர் நுரை ஒளியாலும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள உயிர்வளியாலும் இறுகி, பின் பொடியாகிறது. எண்ணெய்ப் பசையும் அதற்குப் பகை. ஆகவே, இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைப்பதுபோல் ரப்பர் மெத்தையைக் காயவைத்தல் கூடாது. நிழலில் காற்றாட வைத்தலே தகும். பாலியூரித்தேன் நுரையோ பழுத்து மஞ்சளாகி, ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் விரைவில் தளர்கிறது. விரலால் அழுத்தி எடுத்தபின் குழி நிறையாவிட்டால், அல்லது கையில் துகள் ஒட்டினால், அந்நுரையின் காலம் முடிந்தது. அப்போதும் சட்டத்தை எறிய வேண்டியதில்லை. பழைய மெத்தையின் கனத்தை அளந்து, அதே கனத்தில் புதிய நுரையை வெட்டி வாங்கி, உறைக்குள் இடலாம். மெத்தை கனத்தால் படுக்க இன்பமாக இருக்கும் என்று எண்ணித் தடித்ததை வாங்கினால், கட்டில் மூடாது. வலிந்து மூடினால் கீல் முறியும்.

சிறு வீடும் நெடுநாள் பயனும்

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தபின் மக்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். மலேசியாவிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் நகர்ப்புறத்துச் சிறு வீடுகளுக்குப் பெயர்ந்தன. திண்ணை இல்லாத அவ்வீடுகளில், தீபாவளிக்கு வரும் உறவினருக்குத் திண்ணையாக அமைந்தது சோபாக் கட்டில்.

அதனைப் பேணுதல் அரிதன்று. வாரந்தோறும் இடுக்குகளில் உள்ள தூசியையும் உணவுத் துகளையும் அகற்ற வேண்டும். மாதம் ஒருமுறையேனும் முழுதும் விரித்துக் காற்றாட விட்டால் பூஞ்சணம் பிடிக்காது. மெத்தையின் தலைமாட்டையும் கால்மாட்டையும் அவ்வப்போது மாற்றிப் போட்டால் ஓரிடமே குழியாது. போர்வையையும் தலையணையையும் உள்ளே வைத்து மூடாதிருந்தால் சட்டம் கோணாது. உறையின் தையல் ஓரங்குலம் பிரிந்தபோதே தைத்துவிட்டால், ஒரு முழம் கிழியும்வரை காத்திருக்க நேராது. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற முதுமொழி ஆடைக்கு மட்டும் உரியதன்று.

கயிற்றுக் கட்டில் காலத்தில் பழுது பார்த்தல் தனிக் கலையாகக் கருதப்படவில்லை. வாழ்வின் ஒரு கூறாகவே இருந்தது. எஃகும் நுரையும் வந்தபின், பொருளின் உள்ளமைப்பு உறைக்குள் மறைந்தது. மறைந்ததை அறிய முயலாமையால், பழுது பார்க்கும் உரிமையையும் மக்கள் கைவிட்டனர். உறையைப் பிரித்துப் பார்ப்பவர் அங்கே காண்பது புரியாத புதிரன்று; எகிப்தியன் அறிந்த கீலும், ஹூக் அளந்த வில்லும், நம் முன்னோர் இறக்கிய பாலின் நுரையும் அல்லது அதன் இடத்தைப் பிடித்த மாற்றுப்பொருளுமே. சுருள்வில்லின் விதியை வகுப்பறையில் கற்கும் மாணவன், அதே விதி தன் வீட்டு முன்னறையில் தளர்ந்து கிடப்பதைக் கண்டு, கையில் திருப்புளி எடுப்பானாயின், கல்வியும் பயன்பெறும். கட்டிலும் பயன்பெறும் அன்றோ!