ஜோளவாளி: சோளத்தின் கடன்

தமிழில் செஞ்சோற்றுக்கடன் எனப்படுவதைப் பழங்கன்னடம் ‘ஜோளவாளி’ என்றது: உண்ட சோளத்திற்காக வீரன் உயிர்கொடுக்கும் கடமை. அச்சோளத்தை விளைவித்த சிறுகுடியானவனுக்கு அரசு பட்ட கடன் யாது?

மழை தவறினால் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, ஈரம் கண்டதும் மீண்டும் தழைக்கும் பயிர் சோளம். ஊடுபயிரான துவரையும் அவரையும் உழவனுக்கு மற்றொரு காப்பு. 1876இல் பருவமழைகள் அடுத்தடுத்துப் பொய்த்தபோது இவ்விரு காப்பும் போதவில்லை. ஆங்கிலேய ஆணையரின் ஆட்சியிலிருந்த மைசூரில், 1871இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 42 லட்சமாகச் சுருங்கியது. அதே பஞ்சத்தில், அண்டைச் சென்னை மாகாணத்து நிவாரணப் பணிகளுக்கு 1877இல் ரிச்சர்டு டெம்பிள் விதித்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே.

ஆகவே வானத்தை மட்டும் குற்றஞ்சாட்டுதல் வரலாறாகாது. வீரனின் கடனுக்குச் சொல் படைத்த மரபில், உழவன்பால் அரசு பட்ட கடனையும் நாம் கணக்கிடல் வேண்டும்.