காதுக்கு மூளை விடும் தூது



காது ஒலியை வாங்குகிறது. நரம்பு அதனை மூளைக்குக் கொண்டு செல்கிறது. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பாடம் இவ்வளவே. ஆனால், மூளையும் காதுக்குத் தூது விடுகிறது. அறிவியல் உலகம் இதனைக் கண்டறிந்த வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

1851-இல் இத்தாலிய அறிஞர் அல்ஃபோன்சோ கோர்ட்டி, உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள கேட்டல் உறுப்பை நுண்ணோக்கிவழி ஆராய்ந்து விளக்கினார். அவ்வுறுப்பின் மயிரணுக்களே ஒலியதிர்வை உணர்பவை. மயிரணுவுக்கும் செவிநரம்புக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி அதனை எப்படிக் கடக்கிறது?

விடைக்கு வழிகாட்டியது ஒரு தவளையின் இதயம். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு தளர்ந்தது. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் செலுத்தியபோது அதுவும் தளர்ந்தது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பது புலனாயிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின். 1936-இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காதில் மயிரணுவின் செய்தியை நரம்புக்குச் சேர்க்கும் தூதர் குளுட்டமேட் எனப் பின்னாளில் தெளிவாயிற்று.

இதற்கிடையில், 1946-இல் அமெரிக்க அறிஞர் கிராண்ட் ராஸ்முசன், மூளைத்தண்டிலிருந்து உட்செவிக்கு வரும் ஒரு நரம்புக்கட்டை விளக்கினார். 1956-இல் ராபர்ட் கலாம்போஸ் பூனைகளில் அந்நரம்புகளைத் தூண்டியபோது செவிநரம்பின் குறிகைகள் அடங்கின. இங்கே தூதராய் அமைவதும் அதே அசிட்டைல்கோலின்தான்! அதனை ஏற்கும் ஆல்ஃபா-9 என்னும் ஏற்பியை 1994-இல் அர்ஜென்டினா நாட்டு அறிவியலாளர் பெலன் எல்கோயென் குழுவினர் அடையாளங்கண்டனர்.

இந்த அடக்கம் எதற்கு? 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணிநேரம் வைத்தனர். சில நாள்களில் கேட்கும் திறன் மீண்டது. ஆனால், உயர்சுருதிப் பகுதியில் மயிரணு–நரம்பு இணைப்புகளுள் ஏறக்குறையப் பாதி அழிந்திருந்தன. குளுட்டமேட் அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. மூளையின் தூதுநரம்பு அறுக்கப்பட்ட எலிகளில் இழப்பு மேலும் மிகுந்ததை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அத்தூது ஒரு காவல் என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர் என்ற முறையில் என்னைக் கவலைகொள்ளச் செய்வது ஒன்றுண்டு. அமைதியான அறையில் நடத்தும் செவிச்சோதனை இத்தகைய இழப்பைக் காட்டாமற் போகலாம். காதொலிப்பானின் ஒலியைக் குறைக்கும்படி நம் மாணவர்களிடம் சொல்வோம். மூளையின் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு.