ஏதென்ஸின் பழைய மாணவர்கள்

பழைய மாணவர் கூட்டம் என்றாலே எனக்கு ஏதென்ஸ் ஞாபகம்தான் வரும். கி.பி. 355 வாக்கில் அங்கே படித்தவர்களில் பசிலியார், கிரகோரியார், ஜூலியன் மூவரும் உண்டு.

ஜூலியன் ரோமப் பேரரசனாகிக் கிறிஸ்தவத்தை எதிர்த்தான். ஆனால் 362இல் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று வெட்கப்பட்டான். கலாத்தியாவுக்கு வருஷம் 30,000 மோடியஸ் கோதுமையும் ஒதுக்கினான். (ஒரு மோடியஸ் நம்ம கணக்கில் எட்டேமுக்கால் லிட்டர் இருக்கும்.) மறு வருஷமே பாரசீகப் போரில் மாண்டான்.

சுமார் 369இல் கப்பதோக்கியாவில் கடும் பஞ்சம். தானியத்தைப் பூட்டிவைத்து விலையேறக் காத்திருந்தவர்களைப் பசிலியார் பிரசங்கத்தில் பிடிபிடியென்று பிடித்தார். பட்டினி கிடந்தவர்களைக் கூட்டி, பயற்றுக் கஞ்சியும் உப்புக்கண்டமும் தாமே பரிமாறினார். 370இல் ஆயரான பின் செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் இல்லம் எழுப்பினார். இதனால் அரசுக்கு நஷ்டம் என்று ஆளுநரிடம் புகார் போயிற்று. பசிலியார் எழுதிய பதிலைப் படித்துப் பாருங்க: வைத்தியர், தாதியர், பொதி சுமக்கும் மிருகங்கள், தொழிற்கூடங்கள் என்று, நம்ம திட்ட அறிக்கை மாதிரியே இருக்கு!

379இல் பசிலியார் மறைந்தார். பிறகு அவருக்கு நினைவுரை ஆற்றிய வகுப்புத் தோழர் கிரகோரியார், ஊருக்கு வெளியே இருந்த அந்த இடத்தைப் 'புதிய நகரம்' என்றே சொன்னார்.