கவசமும் கார்வையும்

பட்டுக்கோட்டைக்குக் காவிரித் தண்ணீரும் டெல்டாவுக்குக் கரண்டும் வந்த கதை ஒரே அணையில் தொடங்குகிறது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அந்தத் திட்டத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாயால் பட்டுக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலம் நெல்வயலானது. 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரத்தோடு மைக் செட்டும் பரவியபோது, அதிகம் பயனடைந்ததும் அதிகம் தொல்லைப்பட்டதும் தஞ்சாவூர் வீணை. பலாமரக் குடம், மெழுகில் பதித்த 24 மெட்டு என்று ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாக மரபு சொல்லும் அந்த வாத்தியம் கூடத்துக்காகப் பிறந்தது. பந்தலின் கடைசி வரிசைக்கு அது கேட்க ஒலிபெருக்கி வேண்டும். ஒலிபெருக்கியோடு 'ம்ம்' என்ற இரைச்சலும் வந்து சேர்ந்தது.

அந்த இரைச்சலை அற்பமாக எண்ணக் கூடாது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அதன் மடங்குகளான 100, 150 ஆகியவையும் கூடவே ஒலிக்கும். மூன்று கட்டைச் சுருதியில் வீணையின் ஷட்ஜம் ஏறக்குறைய 165. ஆக, 150 என்ற முனகல் அதற்குக் கீழே கைசிகி நிஷாதத்தை ஒட்டி விழுகிறது. ராகம் எதுவானாலும் அழைக்காத ஒரு ஸ்வரம் விடாமல் நிற்கிறது. கமகத்தின் கடைசி இழை, கார்வை அடங்கும் இடம், முதலில் மூழ்குவது அங்கேதான்.

இதற்கு மருந்து 1836-இலேயே தெரிந்தது: உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று ஃபாரடே காட்டினார். எலெக்ட்ரிக் கிடார் செய்தவர்கள் பிக்கப் அமரும் குழிக்குள் கவசமாகச் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தது அந்த அறிவால்தான். "கவசம் நாதத்தின் கூர்மையைத் தின்றுவிடும்" என்பது அன்றிலிருந்து வரும் மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. பிக்கப்பின் கம்பிச்சுருளுக்கு மிக அருகில் கனத்த பித்தளை மூடி வைத்தால் சுழல் மின்னோட்டம் மேல் ஒலிகளைத் தளர்த்தும். ஆனால் குழியின் மெல்லிய தாள் கூட்டும் மின்தேக்கம், சில மீட்டர் கேபிள் கூட்டுவதைவிட மிகக் குறைவு. மேலும், சுருள் வாங்கும் காந்த இரைச்சலைத் தாள் தடுக்காது. அதற்கு எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள்தான் வழி. வீணையின் பித்தளைத் தந்திகளைக் காந்தப் பிக்கப் உணராது. குடத்தில் ஒட்டும் காண்டாக்ட் மைக்கே அதற்கு ஏற்றது. அதன் படிகத்தில் சுருளே இல்லாததால் கவசம் அங்கே கிட்டத்தட்ட முழுப் பலன் தரும். கூடும் மின்தேக்கமும் ஒலியளவைச் சற்றுக் குறைக்குமே தவிர நிறத்தை மாற்றாது.

இரைச்சலை மின்கருவியால் வடிகட்டினால் போதாதா என்று கேட்கலாம். 100-ஐயும் 150-ஐயும் வெட்டினால் அங்கே வாழும் மந்தர ஸ்தாயி ஸ்வரங்களும் சேர்ந்து வெட்டுப்படும். மின்சாரம் கர்நாடக இசைக்குப் பகை என்பாருக்கு யு. ஸ்ரீனிவாஸின் எலெக்ட்ரிக் மாண்டலினே பதில்: சட்டென்று அடங்கும் தந்திக்கு மின்பெருக்கம் தந்த நீண்ட கார்வையில்தான் அவர் கமகம் பிடித்தார். அந்தக் கார்வைக்கு இடம் விடுவது அமைதி. ஆகவே தாளும் எர்த் கம்பியும் வீணைக்குப் பிந்தி வந்த ஒட்டுவேலை ஆகா. மேடையேறும் வாத்தியத்துக்கு மெழுகும் மெட்டும் போலவே அவையும் கைவினையின் பங்கு.