சேதுவழிச் சத்திரங்களும் பயணச் செலவும்: தஞ்சை மராத்தியர் காலம் முதல் தனியார் சுற்றுலா வரை

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் நிறுவிய சத்திரங்களை அறச்செயல்களாகவோ அரச புகழின் சின்னங்களாகவோ காண்பதே ஆய்வுலகில் பெருவழக்கு. அவற்றைப் பயண வரலாற்றின் பகுதியாகக் கண்டு, ‘பயணத்தின் செலவை ஏற்றவர் யார்?’ என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. இரண்டாம் சரபோசியின் 1801ஆம் ஆண்டுக் கடிதம், அவரது காசிப் பயணம், இருப்புப்பாதையின் வருகை, இன்றைய தனியார் சுற்றுலா ஆகியவற்றின் வழியே, காவிரிப் படுகையில் விருந்தினராக இருந்த பயணி கட்டணம் செலுத்துபவராக மாறிய வரலாறு இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சத்திரம், சேதுவழி, இரண்டாம் சரபோசி, முக்தாம்பாள் சத்திரம், காவிரிப் படுகை, பயண வரலாறு

முன்னுரை

தென்னிந்தியாவைச் சில நாள்களில் சுற்றிக்காட்டும் தனியார் பயணத் திட்டங்கள் பலவற்றின் வழித்தடம் ஏறத்தாழ ஒன்றே. சென்னையில் வாடகை மகிழுந்தில் ஏறுபவர் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம் வழியாகத் தஞ்சாவூரை அடைகிறார். ஓரிரவு தங்கிப் பெரிய கோயிலைக் கண்டபின் மதுரைக்கும், அங்கிருந்து தேக்கடி மலைக்கும், இறுதியில் ஆலப்புழைக் காயலுக்கும் செல்கிறார். இத்திட்டத்தில் மலையும் காயலும் ‘காட்சி’. காவிரிப் படுகையின் வயல்கள் இரண்டு கோயில்களுக்கு இடைப்பட்ட தொலைவு மட்டுமே.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இப்படுகையின் வழியே பல நாள் பயணம் செய்தோர் இருந்தனர். வடக்கிலிருந்து இராமேசுவரத்திற்கு நடந்து சென்ற அவர்களுக்கு உணவும் இடமும் மருத்துவமும் கட்டணமின்றிக் கிடைத்தன. அக்காலப் பயணம் இன்றையதினும் மேம்பட்டது என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பயணியும் அவர் கடந்து செல்லும் நிலமும் எவ்வகை உறவில் இருந்தனர், அவ்வுறவு எங்ஙனம் மாறியது என்பதை அறிவதே நோக்கம்.

இலக்கிய மரபில் வழிநடையும் உணவும்

சோழநாட்டில் பயணத்தையும் சோற்றையும் இணைத்துக் காணும் மரபு பழமையானது. கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பொருநராற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பொருநன் ஒருவன் வறுமையுற்ற மற்றொருவனுக்கு வழிகாட்டுகிறான். அவன் காட்டும் வழி உணவு கிடைக்கும் இடத்தை நோக்கிய வழியே. அது காவிரி பாயும் நாட்டின் வளத்தைப் பாடுவதில் முடிகிறது. காவிரிப்பூம்பட்டினத்து அட்டில்சாலைகளில் வடித்த கஞ்சி ஆறுபோல் ஓடித் தெருவைச் சேறாக்கியதைப் பட்டினப்பாலை விரிக்கிறது. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசி தீர்த்ததும் அந்நகரின் உலகவறவியிலேயே.

இவ்விலக்கியச் செய்திகளை நேரடி வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், வழிச்செல்வோர்க்கு உணவளிப்பது ஆளும் தகுதியின் அடையாளம் என்னும் கருத்து இந்நிலத்தில் ஆழ வேரூன்றியிருந்ததை இவை காட்டுகின்றன. மராட்டிய மொழி பேசிய அரசமரபு ஒன்று தமிழ்நிலத்தில் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள முற்பட்டபோது, இக்கருத்து அதற்கு ஆயத்தமாக இருந்தது.

சேதுவழியும் சத்திரங்களின் அமைவும்

மராத்தியர் காலச் சத்திரங்களுள் குறிப்பிடத்தக்கது பிரதாபசிங்கர் (1739–1763) காலத்து யமுனாம்பாள் சத்திரம். அது அமைந்த நீடாமங்கலம் யமுனாம்பாள்புரம் எனவும் வழங்கப்பட்டது. இரண்டாம் சரபோசி (1798–1832) முக்தாம்பாளின் நினைவாக 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய சத்திரம் மற்றொன்று. அவ்வூரும் முக்தாம்பாள்புரம் எனப் பெயர் பெற்றது. இவற்றோடு இராசாமடம், சேதுபாவாசத்திரம், மணமேற்குடி ஆகிய இடங்களின் சத்திரங்களையும் ஒரு நிலப்படத்தில் குறித்தால், தஞ்சையிலிருந்து தெற்கே கடற்கரையை அடைந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் வழி தெளிவாகப் புலப்படும்.

இவ்வமைவில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று தொலைவு. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு ஏறத்தாழ 24 கி.மீ.; அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறத்தாழ அதே தொலைவு. இது சுமையுடன் நடப்பவர் ஒரு பகலில் கடக்கக்கூடிய அளவாகும். காலையில் ஓரிடத்தில் உண்டு புறப்பட்டவர் இரவில் மற்றோரிடத்தை அடையலாம். சத்திரங்களைத் தனித்தனிக் கட்டடங்களாக மட்டும் ஆராய்ந்தால் இத்தொடர்ச்சி புலப்படாது.

மற்றொன்று நிலத்தின் தன்மை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகள் இன்று கல்லணைக் கால்வாயால் பாசனம் பெறுகின்றன. மேட்டூர் அணைத் திட்டத்துடன் 1934இல் அக்கால்வாய் வரும்வரை அவை பழைய காவிரிப் பாசனத்திற்கு வெளியே இருந்தன. ஏரியையும் மழையையும் சார்ந்த நிலங்களே மிகுதி. ஆகவே, தஞ்சைக்குத் தெற்கே செல்லும் பயணி நெல் மலிந்த நிலத்தை விட்டு வறண்ட நிலத்திற்குள் நுழைந்தார். உணவு எளிதாகக் கிடைக்கும் இடத்தைவிட, அது அரிதாகத் தொடங்கும் இடத்திலேயே சத்திரத்தின் தேவை மிகுதி. ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் இருப்பிடத்தை இந்நோக்கிலும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

1801ஆம் ஆண்டுக் கடிதம்

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குச் சென்றது. கோட்டையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஆண்டுதோறும் ஒரு குறித்த தொகையும் சரபோசிக்கு எஞ்சின. இந்நிலையில் சத்திரங்களை யார் நடத்துவது என்னும் வினா எழுந்தது. அவை தம் மேற்பார்வையிலேயே தொடர வேண்டும் என வலியுறுத்தி 1801இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்குச் சரபோசி எழுதிய கடிதம், சத்திரங்களின் நடைமுறைக்கு முதன்மைச் சான்றாகும்.

அக்கடிதம் தரும் செய்திகள் வருமாறு: பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வகை வழிப்போக்கர்க்கும், யோகியர், சங்கமர், வைராகியர் முதலிய துறவியர்க்கும் சமைத்த சோறு வழங்கப்பட்டது. சமைத்ததை ஏற்க விரும்பாதோர் அரிசியும் பிற பொருள்களும் பெற்றனர். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரா என அறிவித்து அழைத்தனர். நோயுற்றோர் நலம் பெறும்வரை தங்கினர். நச்சுக்கடிக்கு மருத்துவம் அறிந்தோர் அங்கு இருந்தனர். கருவுற்ற பெண்கள் பேணப்பட்டனர். கைக்குழந்தைகளுக்குப் பால் தரப்பட்டது. வழியில் இறந்தோர்க்கு அவரவர் மரபுப்படி இறுதிச்சடங்கு நடந்தது. பெற்றோரை இழந்த வெளியூர்க் குழந்தைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்தனர்.

இப்பட்டியலை அன்னதானப் பட்டியலாக மட்டும் கருத இயலாது. பசி, நோய், பேறு, பாம்புக்கடி, இறப்பு, அநாதை நிலை என நெடுவழியில் ஒருவர்க்கு நேரக்கூடிய இடர்கள் ஒவ்வொன்றும் இதில் இடம்பெறுகின்றன. பயணத்தின் ஆபத்து முழுவதையும் அறிந்து, அதனைப் பயணியின் தோளிலிருந்து இறக்கி நிறுவனம் ஒன்றின் பொறுப்பாக்கும் எண்ணம் இதில் தெரிகிறது.

அதே வேளையில், இக்கடிதம் தன் தரப்பை வாதாடும் ஓர் அரசியல் ஆவணம் என்பதை மறத்தலாகாது. வரி தண்டும் உரிமையையும் நீதி வழங்கும் உரிமையையும் இழந்த மன்னர், விருந்தோம்பும் உரிமையையேனும் விட்டுவிடக் கூடாதென வேண்டுகிறார். எனவே சத்திரங்களின் சிறப்பை அவர் மிகுத்துக் கூறியிருக்க வாய்ப்புண்டு. ஆயினும் தம் பெருமைக்குச் சான்றாகப் படையையோ வெற்றியையோ காட்டாமல், நள்ளிரவு மணியையும் குழந்தைக்கான பாலையும் அவர் காட்டியது பொருளுடையது. சத்திரங்கள் தொடர்ந்து அரச குடும்பத்தின் பொறுப்பிலேயே இயங்கின.

பந்தியின் எல்லைகள்

எல்லோர்க்கும் உணவு என்பதும் எல்லோர்க்கும் ஒரே பந்தி என்பதும் வேறுவேறு. கடிதமே பயணிகளைச் சாதி, சமய வகைகளாக அடுக்கிக் காட்டுகிறது. சமைத்த சோற்றுக்கு மாற்றாக அரிசி வழங்கும் ஏற்பாடு, பிறர் சமைத்ததை உண்ணாத சாதி ஒழுக்கத்தை நிறுவனமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம். பசியை ஒழிக்க முற்பட்ட சத்திரம் படிநிலையை ஒழிக்க முற்படவில்லை.

‘செலவை ஏற்றவர் யார்?’ என்னும் வினாவிற்கு மன்னர் என்று விடையளிப்பதும் நிறைவாகாது. சத்திரங்களுக்கு விடப்பட்ட கிராமங்களின் வருவாயே அடுக்களைக்கு நெல்லாக வந்தது. அந்நெல்லை விளைவித்தோர் மிராசுதாரர்க்குக் கீழ் உழைத்த பண்ணையாள்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் வாரத்தையும் கூலியையும் சட்டம் வரையறுக்கத் தஞ்சாவூர்க் குடிவாரத்தார், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. சத்திரத்தைப் பற்றிய ஆவணங்களில் புரவலர் பெயர் உண்டு. பயணியரின் வகைகள் உண்டு. நாற்று நட்டவருக்கு இடமில்லை. சத்திர வரலாற்றைப் போற்றி எழுதுவோர் எதிர்கொள்ள வேண்டிய இடைவெளி இது.

புரவலர் பயணியானபோது

வழிப்போக்கர்க்கு விருந்தளித்த சரபோசி தாமே 1820 முதல் 1822 வரை நெடும்பயணம் மேற்கொண்டார். பிரயாகை, காசி, கயை ஆகிய மூன்று தலங்களை நோக்கிய இப்பயணத்தில் பெரும் பரிவாரம் உடன் சென்றது. ‘திரிஸ்தலி யாத்திரை’ எனப்படும் இது மராத்தியில் பாடப்பட்டும் உள்ளது. தம் அரண்மனையைவிட்டு நீங்கக் கும்பினியின் இசைவைப் பெற வேண்டிய நிலையில் இருந்த மன்னர், நாட்டின் பெரும்பகுதியை ஒரு யாத்திரிகராகக் கடந்தார்.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. அக்காலத்தில் பிரயாகை, கயை, பூரி ஆகிய தலங்களில் கும்பினி அரசு யாத்திரிகர்களிடம் வரி தண்டியது. அவ்வரி 1840இல்தான் நீக்கப்பட்டது. தெற்கே சேதுவழியில் யாத்திரிகர் அரசின் செலவில் உண்டார். வடக்கே அதே யாத்திரிகர் அரசின் வருவாய்க்கு வழியானார். பயணியைக் குறித்த இருவேறு அரசியற் கருத்துகள் ஒரே காலத்தில், ஒரே கும்பினியின் மேலாண்மைக்குக் கீழ் நிலவின. சத்திரங்களைத் தக்கவைக்கச் சரபோசி காட்டிய உறுதியின் பொருள் இவ்வொப்பீட்டில் மேலும் தெளிவுறுகிறது.

இருப்புப்பாதையும் சத்திரமும்

ஆண் வாரிசின்றி இரண்டாம் சிவாஜி 1855இல் மறைந்தபின் தஞ்சை அரசு முடிவுற்றது. சத்திரங்கள் காலப்போக்கில் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஆனால் அவற்றின் பயனை மாற்றியது ஆட்சி மாற்றம் மட்டுமன்று. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும், அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் இருப்புப்பாதை வந்தது. மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதையைத் தஞ்சாவூர் மாவட்டக் கழகம் நிலவரியின் மேல் விதித்த கூடுதல் வரியைக் கொண்டு அமைத்தது. அது 1894இல் திறக்கப்பட்டது. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டதும், நடந்து பல நாள் சென்ற வழி ஓரிரவுப் பயணமாகச் சுருங்கியது.

மாவட்டக் கழகப் பாதையின் வரலாறு நம் வினாவிற்கு நேரடியாகத் தொடர்புடையது. இங்கும் பயணத்திற்கு மூலதனம் தந்தது படுகையின் நிலமே. ஆனால் நிலம் செலுத்திய பின்னும் பயணி சீட்டு வாங்க வேண்டியிருந்தது. விருந்தினர் என்னும் நிலை மறைந்து, வகுப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட பயணச்சீட்டுக்காரர் தோன்றினார். ஒரு பெட்டியில் பல சாதியினர் அருகருகே அமர நேர்ந்ததும் இக்காலத்தில்தான். எனினும் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அதனைத் தன்மதிப்பு இயக்கம் கடுமையாக எதிர்த்தது. பழைய பந்தியின் எல்லைகள் புதிய வழியிலும் தொடர்ந்தன.

நடைப்பயணிகள் குறையவே சத்திரங்களின் வருவாயில் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் பயன்பட்டது. இதனைச் சத்திர மரபின் சிதைவாக மட்டும் காண்பது பொருந்தாது. அநாதைக் குழந்தையை ஆசிரியரிடம் ஒப்படைத்த நிறுவனம், பிற்காலத்தில் ஊர் மாணவர்க்கு உணவிட்டதில் ஒரு தொடர்ச்சியும் உண்டு.

இன்றைய பயணம்

தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்கள் அதனுடன் சேர்க்கப்பட்டன. சுற்றுலாத் திட்டங்களில் தஞ்சாவூர் இடம்பெறுவதற்கு இக்கோயில்களே முதன்மைக் காரணம். அவற்றை எழுப்பவும் பேணவும் துணைநின்ற நெல்வயல்கள் அத்திட்டங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இதே பயணத்தின் இறுதியில் வரும் குட்டநாடும் ஒரு நெல்நாடே. அங்கு நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளம் என்னும் பெரும்படகு, இன்று படுக்கையறையும் சமையலறையும் கொண்ட தங்குமிடமாகியுள்ளது. தஞ்சையில் நெல் பயணியைப் பேணியது. குட்டநாட்டில் நெல் சுமந்த படகே பயணியைச் சுமக்கிறது. காயலில் வேளாண் வாழ்வின் கருவி ஒன்று காட்சிப்பொருளாகி வருவாய் ஈட்டுகிறது. காவிரிப் படுகையிலோ பயணியை நிலத்தோடு பிணைத்த சத்திரம் பயண வழியிலிருந்தே விலகிவிட்டது. மகிழுந்தில் செல்பவர் அதன் வாயிலைக் கடக்கும்போதும் அது தம்மைப் போன்றோர்க்காகவே கட்டப்பட்டது என அறிய வாய்ப்பில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சேதுவழிச் சத்திரங்கள் ஒருநாள் நடைத்தொலைவையும் நிலத்தின் வறட்சியையும் கருத்தில் கொண்டு விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு தொடர் ஏற்பாடாகும். இரண்டாவது, 1801ஆம் ஆண்டுக் கடிதத்தில் விருந்தோம்பல் என்பது ஆட்சியை இழந்த மன்னர் தக்கவைக்க முயன்ற இறுதி ஆட்சியுரிமையாக அமைகிறது. மூன்றாவது, பயணச் செலவு அரசிடமிருந்து பயணிக்கு மாறிய போதும், அதன் அடியில் இருந்த உழைப்பு எக்காலத்தும் பெயரின்றியே நின்றது.

சத்திரங்களின் மோடி ஆவணங்கள் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தமிழாக்கம் பெற்றுள்ளன. அவற்றை மன்னர்களின் கொடைப் பட்டியலாக மட்டும் படிக்காமல், நெல் வந்த வயலிலிருந்து சோறு உண்ட வழிப்போக்கர் வரை தொடர்ந்து படித்தல் வேண்டும். நள்ளிரவு மணியோசை கேட்டு வந்தவரைப் போலவே, அந்தச் சோற்றுக்கு உழைத்துவிட்டு உறங்கியவரும் இவ்வரலாற்றுக்கு உரியவர்.