மனத்திரை இல்லாத ஓவியர்கள்: கால்ட்டன் முதல் நரம்பியல் ஆய்வகம் வரை

மனக்காட்சியை அளந்து பார்க்கும் முயற்சி 1880இல் ‘மைண்ட்’ இதழில் பிரான்சிஸ் கால்ட்டன் எழுதிய கட்டுரையோடு தொடங்குகிறது. இன்று காலை நீங்கள் அமர்ந்த உணவு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம், தெளிவு, நிறம் ஆகியவை மனத்தில் எப்படித் தெரிகின்றன? இப்படிக் கேட்டு வினாப்பட்டியல் அனுப்பினார் அவர். நூறு ஆண்களின் பதில்களை வரிசைப்படுத்தியபோது, ஒரு முனையில் நேரில் காண்பது போலவே தெரிகிறது என்றவர்கள் இருந்தார்கள். மறுமுனையில் எதுவுமே தெரியவில்லை என்றவர்கள். அருவச் சிந்தனையில் ஊறிய அறிவியலாளர்களுக்கு இத்திறன் மங்கிவிடுகிறது என்று கால்ட்டன் முடிவு கட்டினார். அந்த முடிவு நிலைக்கவில்லை. அவருடைய தரவுகளை வில்லியம் புரூவரும் மார்லீன் ஷோமர்-ஐக்கின்ஸும் மறுபடி ஆராய்ந்து, அறிவியலாளர்களிடம் அப்படியொரு குறை இல்லை என்று 2006இல் காட்டினார்கள்.

ஆனால் அதே கட்டுரையில் கால்ட்டன் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். மனத்தில் படமே தெரியாத மனிதர்கள் தாம் கண்டதை உயிரோட்டத்தோடு விவரிக்கிறார்கள். லண்டன் ராயல் அகாதமி உறுப்பினர் தரத்துக்கு ஓவியர்களாகவும் உயர்கிறார்கள். ஓவியம் முதலில் மனத்தில் எழுகிறது, கை அதைப் பார்த்து வரைகிறது என்ற நெடுநாள் நம்பிக்கையை அசைக்கக்கூடிய கூற்று இது. என் பார்வையில் அந்தக் கட்டுரையின் மிக அரிய பகுதியும் இதுவே. என்றாலும் ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆய்வுலகம் இதன்மேல் கவனம் செலுத்தவில்லை.

ஒரு காரணம் வெளிப்படையானது. 1910இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவ்ஸ் பெர்க்கி ஒரு சோதனை நடத்தினார். திரையைப் பார்த்தபடி வாழைப்பழத்தைக் கற்பனை செய்யச் சொல்லிவிட்டு, அதே பழத்தின் மிக மங்கலான படத்தைத் திரையில் விழவைத்தார். அதைத் தம் கற்பனை என்றே பங்கேற்றவர்கள் நம்பினார்கள். தன் மனத்தைத் தானே பார்த்துச் சொல்லும் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்ற ஐயம் அப்போது ஏற்கெனவே வலுத்திருந்தது. 1913இல் ஜான் வாட்சன் நடத்தையியலை முன்வைத்தபின் மனக்காட்சி என்ற பொருளே அமெரிக்க உளவியலின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

அது மீண்டு வந்தது 1971இல். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் இரண்டு முப்பரிமாண உருவங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா என்று கேட்டார்கள். உருவம் எத்தனை பாகை திரும்பியிருந்ததோ அதற்கு நேர்விகிதத்தில் பதில் சொல்லும் நேரமும் கூடியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கடிகாரத்தால் அளக்க முடிந்தது. அதன்பின் மனத்தில் இருப்பது படமா, மொழிபோன்ற விவரணையா என்று ஸ்டீபன் காஸ்லினும் ஜெனான் பிலிஷினும் பல பத்தாண்டுகள் வாதிட்டார்கள்.

அந்தக் காலத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது மிலான் நகரில் நடந்த ஆய்வு. வலப்பக்க மூளைச் சேதத்தால் இடப்பக்கத்தைக் கவனிக்கும் திறனை இழந்த இரு நோயாளிகளிடம், தமக்கு நன்கு பழகிய பேராலயச் சதுக்கத்தை நினைத்து விவரிக்குமாறு எடோர்டோ பிசியாக்கும் கிளாடியோ லுட்ஸாட்டியும் கேட்டார்கள். பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். பேராலய வாசலில் நின்று எதிர்ப்புறம் பார்ப்பதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்டுப்போன கட்டடங்கள் வந்தன. முன்பு சொன்னவை மறைந்தன. சதுக்கம் முழுவதும் நினைவில் இருந்தது, ஆனால் காட்சியாக விரியும்போது பாதி தொலைந்தது. 1978இல் வெளியான இந்த ஆய்வு, அறிந்திருப்பதும் மனத்தில் காண்பதும் வேறு வேறு என்பதை அழுத்தமாகக் காட்டியது.

ஓவியரின் கேள்வி திரும்பி வந்தது ஒரு மருத்துவமனை வழியாக. இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்குப் பின் மனக்காட்சியை இழந்த 65 வயது கட்டட அளவையர் ஒருவரைப் பற்றி ஆடம் ஸீமனும் சகாக்களும் 2010இல் எழுதினார்கள். காட்சி நினைவுச் சோதனைகளில் அவருக்குக் குறையில்லை. ஷெப்பர்டின் உருவச் சோதனையிலும் சரியாகவே விடை சொன்னார். ஆனால் கோணம் கூடக் கூட நேரம் கூடவில்லை. வேறு வழியில் அவர் விடையை எட்டியிருக்கிறார். அந்த ஆய்வு பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, தமக்குப் பிறவியிலேயே இப்படித்தான் என்று எழுதியவர்களுள் 21 பேரைப் பற்றி 2015இல் ஸீமன் வெளியிட்ட கட்டுரையே இந்நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டது.

பிறகு வந்தவை கலையுலகிலிருந்து எழுந்த சாட்சியங்கள். பிக்ஸார் நிறுவனர்களுள் ஒருவரான எட் கேட்மல், தனக்கு மனக்கண் இல்லை என்று 2019இல் சொன்னார். ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் ஏரியலை உருவாக்கிய க்ளென் கீனும் அத்தகையவரே. கீன் தாளில் கிறுக்கத் தொடங்குவார். கோடுகள் பெருகப் பெருக அவற்றுள் உருவம் பிடிபடும். மற்றவர்கள் மனத்துக்குள் செய்து பார்ப்பதாக நாம் நம்பும் வேலையை அவர் தாளின்மேல் செய்கிறார். தாளை வெறும் பதிவேடாகக் கருதிய கலைக்கோட்பாடு இங்கே பிழைபடுகிறது என்பேன்.

2021இல் வில்மா பெயின்பிரிட்ஜ் குழு இதைச் சோதனைக்கு உட்படுத்தியது. அஃபான்டேசியா உள்ள 61 பேரும் இல்லாத 52 பேரும் அறைகளின் நிழற்படங்களைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரைந்தார்கள். முதல் குழுவினர் பொருள்களைக் குறைவாகவே வரைந்தார்கள், நிறத்தையும் குறைவாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் வரைந்தவற்றை உரிய இடத்தில், உரிய அளவில் வைத்தார்கள். படத்தில் இல்லாததைச் சேர்த்துவிடும் பிழை அவர்களிடம் குறைவு. படத்தை முன்னே வைத்து வரைந்தபோது இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. ஆக, பொருளின் தோற்றமும் அதன் இட அமைப்பும் நினைவில் தனித்தனியாகத் தங்குகின்றன. ஓவியர் இரண்டாவதைக் கொண்டே வெகுதூரம் போகலாம்.

மூளைக்குள் இன்னும் வியப்பான செய்தி இருக்கிறது. அஃபான்டேசியா உள்ளவர்கள் ஓர் உருவத்தைக் கற்பனை செய்ய முயலும்போது, அவர்களுடைய முதன்மைப் பார்வைப் புறணியின் செயல்பாட்டைக் கொண்டே எந்த உருவத்தை எண்ணுகிறார்கள் என்று ஊகிக்க முடிவதாக ஜோயல் பியர்சன் பங்கேற்ற குழு 2025இல் காட்டியது. ஆனால் அந்தச் செயல்வடிவம் நேரில் பார்க்கும்போது எழுவதோடு ஒத்துப்போகவில்லை. உருவம் பற்றிய தகவல் அங்கே இருக்கிறது. காட்சி அனுபவமாக அது மாறுவதில்லை. கால்ட்டன் குறிப்பிட்ட ஓவியர்கள் எதைக்கொண்டு வரைந்தார்கள் என்பதற்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் இதையே வலுவானதாகக் கருதுகிறேன்.