மாதிரிக் குண்டும் மெய்க் குண்டும்

தந்திரத்திலும் துணிவிலும் மிஞ்சிய ஒருவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லும் வழக்கு தமிழ் மக்களிடையே உண்டு. அது ஒரு போர்க்கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு, ஜெர்மனியின் எம்டன் சென்னைத் துறைமுகத்தை இருளிலே அணுகி, தன் 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகளினாற் சுட்டு, கரையிலிருந்த பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளைத் தீக்கிரையாக்கிற்று. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி கொக்கோசுத் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதனை அழித்தது. உயிர் தப்பிய மாலுமிகள் கைதிகளாய்க் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர்.

சென்னையைத் தாக்கிய அக்குண்டுகளின் சிதறல் அந்நகர நூதனசாலையிலே பேணப்படுகின்றது. ஆயினும், கந்தலாய்க் கிழிந்த ஓர் இரும்புத் துண்டைப் பார்த்து, அது வெடிக்குமுன் எவ்வடிவில் இருந்தது, உள்ளே என்ன இருந்தது, எவ்வாறு பறந்தது என்பவற்றை எவரால் அறிய முடியும்? முழுக் குண்டொன்றை அருகில் வைத்தாலன்றி அது விளங்காது. முழுக் குண்டை வைப்பதோ எளிதான காரியமன்று. இந்த இடர்ப்பாட்டிலிருந்தே மாதிரிக் குண்டு செய்யும் தொழில் பிறந்தது. அத்தொழிலைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாம் உலக யுத்தத்திலே பிரித்தானியர் மிகுதியாகக் கையாண்ட பீரங்கி ‘பதினெட்டு இறாத்தற் பீரங்கி’ எனப்பட்டது. அதன் குண்டு 3.3 அங்குல விட்டமும் 18½ இறாத்தல் நிறையும் உடையது. அவற்றுள் ஒருவகை, சிறு ஈய உருண்டைகளை அடக்கியது. ஹென்றி சிராப்னல் என்ற பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே கண்டறிந்த உபாயம் இது. 1803இல் பிரித்தானியப் படை அதனை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்துப் பதினெட்டு இறாத்தற் குண்டினுள்ளே சுமார் 375 உருண்டைகள் பைன் மரப்பிசினில் அமிழ்ந்து கிடக்கும். அடித்தளத்திலே சிறிதளவு வெடிமருந்து. நுனியிலே ‘பியூஸ்’ எனப்படும் பித்தளை முனை. குறித்த நேரத்தில் பியூசின் நெருப்பு நடுக்குழாய் வழியே இறங்கி வெடிமருந்தைப் பற்றவைக்க, உருண்டைகள் யாவும் முன்னோக்கிச் சிதறும். பறக்கும்போதே சுடுகின்ற ஒரு துப்பாக்கி என்று அதனைச் சொல்லலாம்.

இவ்வகைக் குண்டுகளும், உடைத்துச் சிதறும் வேறு வகைக் குண்டுகளுமாக, 1916ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி சோம் நதிப் போர் தொடங்குமுன் ஒரு வார காலத்திலே பிரித்தானியர் எய்தவை பதினைந்து இலட்சத்திற்கும் அதிகம். அவசரத்தில் செய்யப்பட்ட குண்டுகளாகையால் வெடியாமல் மண்ணுட் புதைந்தவை பலப்பல. பிரான்சிலும் பெல்சியத்திலும் உழவர்கள் இன்றும் வயலை உழும்போது அவை மேலே வருகின்றன. அதனை அம்மக்கள் ‘இரும்பு அறுவடை’ என்பர். பெல்சியப் படையின் வெடிபொருள் அகற்றும் பிரிவு பூல்கப்பெல் என்னுமிடத்திலே அவற்றைச் சேர்த்து அழித்து வருகின்றது. 2014இல் ஈப்பர் நகரிலே கட்டடவேலை நடந்த ஓரிடத்தில், அந்த யுத்தத்துக் குண்டொன்று வெடித்து இரு தொழிலாளர் மாண்டனர். அவர்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னே எய்யப்பட்ட குண்டு அது.

பழமை, வெடிமருந்தைச் சாதுவாக்கிவிடும் என்று எண்ணுவோர் உளர். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865இல் முடிந்தது. 2008இல் வேர்ஜீனியா மாநிலத்திலே, அந்த யுத்தத்தின் பீரங்கிக் குண்டொன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து உயிரிழந்தார். அவர் அத்துறையிற் பழுத்த அனுபவம் வாய்ந்தவர் என்பதை மறத்தலாகாது. ஆகவே, முழுக் குண்டு ஒன்றைத் தம் வீட்டு அலுமாரியில் வைக்க விரும்புவோர்க்கும், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி மேசைமேல் வைக்க விரும்பும் நூதனசாலையார்க்கும் மாதிரியே தக்கதென்பது என் துணிபு.

இதனைப் போலித் தொழில் என்று இகழ்வோர் அதன் மூதாதையரை அறியாதவர். படைகளே முதலில் மாதிரிகளைச் செய்தன. பீரங்கியில் குண்டேற்றப் பழகும் வீரர்க்கென மரத்தாலும் உலோகத்தாலுமான வெறுங்குண்டுகள் இருந்தன. உள்ளமைப்பைக் கற்பிப்பதற்காகக் குண்டுகளை நெடுக்காக வெட்டிக் காட்டும் வழக்கமும் இருந்தது. இன்று நூதனசாலையிலே, ஒரு பக்கம் திறந்து ஈய உருண்டைகள் தெரியும்படி நிற்கும் மாதிரி, அந்தப் பாடசாலைக் குண்டின் வழித்தோன்றலே.

செய்யும் முறையைப் பார்ப்போம். முதலாவது அளவெடுத்தல். வெடிமருந்து நீக்கிய மெய்க் குண்டொன்றையோ, பழைய படைக் கையேட்டின் வரைபடத்தையோ வைத்து, நுனியின் வளைவு முதல் அடித்தட்டின் பள்ளம் வரை அளப்பர். பின்னர் மரத்தையோ அலுமினியத்தையோ கடைசல் இயந்திரத்திற் பூட்டிக் கடைவர். பல பிரதிகள் வேண்டுமாயின், ஒன்றை நன்றாகச் செய்து, அதன்மேல் இறப்பர் அச்செடுத்து, செயற்கைப் பிசினை வார்ப்பர். மெய்க் குண்டின் உள்ளே உருண்டைகளைப் பிடித்திருந்தது மரப்பிசின்; மாதிரியின் உடம்போ முழுவதுமே பிசின். இப்பொருத்தம் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகின்றது.

உண்மையான திறமை வெளிப்படுவது அடிப்புறத்தைச் சுற்றியுள்ள செம்பு வளையத்திலே. பீரங்கிக் குழாயின் உட்புறத்துச் சுருட்டை வரிகளிலே அவ்வளையம் அழுந்தி, குண்டைச் சுழலச் செய்யும். சுழலாத குண்டு நேரே செல்லாது. எய்யப்படாத குண்டின் வளையம் வழவழப்பானது. எய்யப்பட்டதன் வளையத்திலே சாய்ந்த கீறல்கள் ஒழுங்காகப் பதிந்திருக்கும். இரண்டில் எதனைச் செய்கிறோம் என்பதைத் தொழிலாளன் முதலிலேயே முடிவு செய்தல் வேண்டும். புதிதாய்ப் பூசிய நிறமும் கீறல் விழுந்த வளையமும் ஒரே குண்டில் இருந்தால், அறிந்தவர் நகைப்பர். இரண்டாம் உலக யுத்தத்திலே ஜெர்மனி செம்புத் தட்டுப்பாட்டினால் இரும்புத்தூளை இறுக்கிச் செய்த வளையங்களைப் பயன்படுத்தியது. அக்குண்டுக்குச் செம்பு வளையம் மாட்டுவது, அந்நாடு பட்ட நெருக்கடியையே மறைத்துவிடும்.

ஆயின் மாதிரியால் எளிதிற் காட்ட முடியாத ஒன்று உண்டு. அதுவே நிறை. பிசினால் வார்த்ததைச் சிறுபிள்ளையும் ஒரு கையாலே தூக்கி விளையாடும். மெய்க் குண்டு 18½ இறாத்தல். சோம் நதிக்கரையிலே எய்யப்பட்ட ஒவ்வொன்றையும் மனிதரின் கைகளே சுமந்தன. அதற்கு முன் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளிலே பெண்கள் அவற்றைக் கடைந்தனர், நிரப்பினர். ரி.என்.ரி. என்னும் வெடிமருந்தினால் அவர்களின் தோல் மஞ்சளாயிற்று. அதுகொண்டு அவர்களை மஞ்சட் குருவியாகிய ‘கனேரி’ என்று அழைத்தனர். 1918 யூலை 1ஆம் திகதி சில்வெல் என்னுமிடத்துக் குண்டு நிரப்பும் தொழிற்சாலை வெடித்தபோது 134 பேர் மாண்டனர். கண்ணாடிக்குள் மினுமினுக்கும் மாதிரியிலே இவற்றின் சாயலே இல்லை. ஆதலால், பார்வையாளர் கையில் எடுக்கவென்று செய்யப்படும் மாதிரிக்கேனும் ஈயமோ சீமெந்தோ உள்ளிட்டு மெய்யான நிறையைக் கொடுத்தல் வேண்டும். செலவு அதிகம் என்பர். தூக்கிப் பார்த்தவர் கை நோவதற்காகவே அச்செலவைச் செய்யலாம்.

மாதிரியைத் துருப்பிடிக்க வைத்து, மண்ணிற் புதைத்தெடுத்து, மெய்க் குண்டென விற்போரும் இருக்கின்றனர். நேர்மையான தொழிலாளன் அடித்தட்டிலே ‘மாதிரி’ என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் அழியாதபடி பொறிப்பான். பிற இடங்களிலே மூலத்தின் எழுத்துக்களை ஒன்றும் விடாமற் பெயர்ப்பான். அவ்வெழுத்துக்களிலே ஒரு விந்தை உண்டு. பதினெட்டு இறாத்தற் குண்டின் நுனியில் இருந்த எண்பதாம் இலக்கப் பியூஸ், ஜெர்மனியின் க்ருப் கம்பனியாருடைய காப்புரிமையின் வழி வந்தது. யுத்தத்திற்கு முன்னரே பிரித்தானியாவின் விக்கர்ஸ் கம்பனியார் பணம் கொடுப்பதாக உடன்பட்டு அதனைச் செய்யத் தொடங்கியிருந்தனர். க்ருப் காப்புரிமையைக் குறிக்கும் எழுத்துக்கள் அப்பியூசுகளிலே பொறிக்கப்பட்டிருந்தன. யுத்தம் முடிந்தபின், தம் நாட்டு வீரர்மேல் எய்யப்பட்ட பியூசுகளுக்கான பணத்தைத் தரவேண்டுமென்று க்ருப் கம்பனியார் விக்கர்ஸ் கம்பனியாரிடம் வழக்காடினர். ஒரு தொகையும் பெற்றனர். அப்பியூசின் மாதிரியைச் செய்பவன், அந்தச் சிற்றெழுத்துக்களையும் பித்தளையிலே வெட்டத்தான் வேண்டும்.